ஓநாய்க்கு ஒதுக்கிய மூலை

சுருதிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் மாசிலாமணி அன்று தேவாலயத்துக்கு வந்தார்.

பெரிய வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கடற்காற்றில் சுண்ணாம்பு உதிரும் அந்தப் பழைய ஆலயத்தில், ஆண்டுக்கு ஒருமுறை, அந்த நாளில் மட்டும், ஆண்டவரின் திருப்பாடுகளைச் சொல்லும் ஓர் இசைநாடகத்தைப் பாடுவார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எழுதப்பட்டது அது. எழுதியவர் பெயர் இருந்த முதல் தாளைச் செல் அரித்துவிட்டது.

அது எழுதப்பட்ட காலத்தில் எந்தக் கருவிகள் இருந்தனவோ அவற்றைக்கொண்டே அதை இசைக்க வேண்டும் என்பது பாடகர் குழுவின் தலைவி லீதியாள் அம்மையாரின் விரதம். வயலினுக்கு எஃகுக் கம்பி கூடாது. ஆட்டுக்குடல் நரம்பே வேண்டும். பியானோ கூடாது, இறகு முனையால் கம்பியைச் சுண்டி ஒலிக்கும் ஹார்ப்சிகார்டே வேண்டும். சுருதியும் இன்றைய சுருதிக்கு அரைச்சுரம் கீழே நிற்க வேண்டும்.

அந்த ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி கூட்டுகிறவர் மாசிலாமணி. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். லீதியாள் அம்மையார் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனாலும் ஒன்பது ஆண்டுகளாக அவர் இவருக்கு ஆசிரியை. இவர் அவருக்கு மாணாக்கர்.

"டீச்சர், இதை வாங்கிக்கோங்க."

லீதியாள் அம்மையார் கையை நீட்டவில்லை. மேசைமேல் விரித்திருந்த இசைத்தாளில் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு யார் சுருதி கூட்டுவாங்க?"

"தெரியாது."

"பாட்டுக்கு வருவீங்கதானே?"

"வரமாட்டேன். பாட்டுக்கு மட்டும் இல்ல, ஞாயித்துக்கிழமைக்கும் வரமாட்டேன். இனிமே இந்த வாசப்படி எனக்கு வேண்டாம் டீச்சர்."

ஏன் என்று அம்மையார் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. மாசிலாமணியின் மகள் நவமணியை அடக்கம் செய்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அவள் அதே குழுவில் கீழ்க்குரல் பாடியவள். இருபத்தேழு வயது.

கேட்காததே மாசிலாமணியைப் பேசவைத்தது.

"ஒரே ஒரு கேள்வி இருக்கு. அதுக்குப் பதில் சொன்னீங்கன்னா நிக்கிறேன்."

"கேளுங்க ஐயா."

"எனக்கு நாலு பிள்ளைங்க. எங்கிட்ட பாதிக் குறை, என் சம்சாரத்துக்கிட்ட பாதிக் குறை, ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒளிஞ்சிருந்திருக்கு. எங்களுக்கே தெரியாது. நாலு பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு அது முழுசா இறங்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நவமணிக்கு இறங்கிச்சு. மத்த மூணு பேரும் கல்லு மாதிரி இருக்காங்க." சாவியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். "ஆளுக்குக் கால்வாசி கொடுத்திருக்கலாமே? வருஷத்துக்கு ஒரு மாசம் காய்ச்சல்ல படுத்திருப்பாங்க. நாலு பேரும் உயிரோட இருந்திருப்பாங்க. எல்லாத்தையும் ஒருத்தி தலையில ஏன் கொட்டணும்? படைச்சவருக்குப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாதா?"

அம்மையார் பென்சிலைக் கீழே வைத்தார். ஹார்ப்சிகார்டைக் காட்டினார்.

"சாயங்காலம் எல்லாரும் ஒத்திகைக்கு வர்றாங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை சுருதி கூட்டிடுங்க. அப்புறம் பேசலாம்."

"இதுதான் பதிலா?"

"இல்ல. இது வேலை."

மாசிலாமணிக்குச் சினம் பொங்கியது. ஆனால் வேலை என்று சொன்ன பிறகு கருவியைப் பாதியில் விட்டுப் போகிற வழக்கம் அவருக்கு ஆயுளில் இல்லை. மூடியைத் திறந்தார்.

பன்னிரண்டு சுரங்களுக்குச் சுருதி கூட்டுவதில் ஒரு தீராத இடர் உண்டு. ஒன்றோடு ஒன்று இசைவாகக் கட்டிக்கொண்டே போனால், பன்னிரண்டாவது கட்டைக்குப் பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேராது. ஒரு மயிரிழை மிஞ்சும். எவர் கட்டினாலும் மிஞ்சும். எத்தனை முறை கட்டினாலும் மிஞ்சும். அதை அழிக்க வழியில்லை. எங்கே வைப்பது என்பது மட்டுமே சுருதி கூட்டுகிறவன் கையில் இருக்கிறது.

பழங்காலத்தார் அந்தப் பிழை முழுவதையும் ஒரு மூலைக்கு ஒதுக்கித் தள்ளினார்கள். அதனால் மற்ற இடங்களில் சுரங்கள் கூடும்போது தேன் சொரியும். அந்த ஒரு மூலையில் மட்டும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கருவி ஊளையிடும். அதற்கு ஓநாய் என்றே பெயரிட்டிருந்தார்கள். பாட்டு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒன்பது ஆண்டுகளாக மாசிலாமணி தம் கையாலேயே ஓநாயை அந்த மூலையில் அடைத்து வந்திருக்கிறார். ஒருநாளும் அதற்காக வருந்தியதில்லை. இன்று அவருடைய கை நின்றுவிட்டது.

நிலம் அளக்கிறவனுக்கும் இதே இடர் உண்டு. வயலைச் சுற்றி அளந்துகொண்டு வந்தால் தொடங்கிய கல்லிலேயே முடிய வேண்டும், முடியாது. அரை முழமாவது தப்பும். ஆனால் அந்தத் தவறை எந்த அளவரும் ஒருவன் எல்லையில் தள்ளிவிடமாட்டார். எல்லாப் பக்கங்களுக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துவிடுவார். அதுதான் நியாயம். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அந்த நியாயத்தில்தான் நின்றார்.

கம்பிகளைத் தளர்த்தினார். முதலிலிருந்து தொடங்கினார். மிஞ்சிய மயிரிழையைப் பன்னிரண்டு கூறாக்கி, எல்லாக் கட்டைகளுக்கும் சமமாகப் பங்கு வைத்தார். முடித்தபின் அந்தப் பழைய மூலையை அழுத்திப் பார்த்தார். ஊளை இல்லை. நாற்பத்தோரு நாளில் முதன்முறையாக அவருக்கு ஏதோ ஒன்று செய்து முடித்ததுபோல் இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் குழு கூடியது. கீழ்க்குரல் வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது. யாரும் நகர்ந்து அதை நிரப்பவில்லை.

லீதியாள் அம்மையார் ஹார்ப்சிகார்டின் முன் அமர்ந்து முதல் பாடலைத் தொடங்கினார். நான்கு வரி போவதற்குள் மேற்குரல் பாடும் கிரேசம்மாள் நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், எனக்கு நிக்க எடம் கெடைக்கல."

"பாடு."

"பாடுறேன். எங்க போய் நின்னாலும் காலுக்குக் கீழ மணல் நகர்ற மாதிரி இருக்கு. எனக்கு மட்டுந்தானா?"

காலிடையே வைத்து வாசிக்கும் பெரிய வயலாவைச் சாய்த்துப் பிடித்திருந்த பொன்னுத்துரை, தம் கருவியின் நரம்பைச் சுண்டி ஹார்ப்சிகார்டோடு ஒத்துப் பார்த்தார். மறுபடி சுண்டினார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"என்ன சர்வேயர் ஐயா, ஓநாயைத் துண்டு போட்டு ஊர்ல எல்லாருக்கும் பட்டா எழுதிக் கொடுத்திட்டீங்களா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாசிலாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. பொன்னுத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டு நரம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

"கடைசி வரைக்கும் பாடுங்க," என்றார் அம்மையார்.

பாடினார்கள். எந்தச் சுரக்கூட்டும் ஊளையிடவில்லை. எந்தச் சுரக்கூட்டும் அடங்கவும் இல்லை. தேன் சொரிந்த இடங்களிலெல்லாம் ஒரு சிறு புளிப்பு. தாய் அழும் இடத்திலும் அதே புளிப்பு. சேவகர் நகைக்கும் இடத்திலும் அதே புளிப்பு. ஒன்றரை மணிநேரம் மாசிலாமணி சுவரோரம் நின்று கேட்டார். தாம் என்ன செய்திருக்கிறோம் என்பது அவருக்குச் செவி வழியாகத் தெரிந்தது. மனம் ஒப்பவில்லை.

எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். அம்மையார் இருக்கையை விட்டு எழவில்லை.

"பகிர்ந்திட்டீங்க."

"ஆமாம்."

"நாலு பிள்ளைங்களுக்கும்."

மாசிலாமணி சாவியை இறுக்கிப் பிடித்தார்.

"உங்க கையிலயே விட்டிருந்தா, மூத்தவனைக் கூப்பிட்டு உன் பங்கை வாங்கிக்கோடான்னு சொல்லியிருப்பீங்களா?"

"எனக்கே முழுசும் கொடுன்னு சொல்லியிருப்பேன்."

"அது தெரியும். நான் அதைக் கேக்கல."

மாசிலாமணி ஓரடி முன்னே வந்தார். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த ஆசிரியையின் முன் உயர்த்தாத குரலை உயர்த்தினார்.

"என்ன சொல்ல வர்றீங்க? மத்த மூணும் இனிமையா இருக்கணும்னு என் மகளை மூலையில தள்ளினாருன்னு சொல்ல வர்றீங்களா? அவ ஊளை போட்டாத்தான் உங்க சங்கீதம் தேனாயிருக்குமா? அப்படிப்பட்ட தேன் எனக்கு வேண்டாம். என் பிள்ளைங்களுக்கும் வேண்டாம். அதைக் குடிக்கச் சொல்ற சாமியும் வேண்டாம்!"

கூரையில் இருந்த புறாக்கள் படபடத்துப் பறந்தன. அம்மையார் அவை அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் அப்படிச் சொல்லல ஐயா. யாராவது உங்ககிட்ட அப்படிச் சொன்னா, அந்த இடத்துல உக்காராதீங்க. எழுந்து வந்திடுங்க."

"அப்ப வேற என்னதான் சொல்றீங்க?"

"எனக்குச் சொல்லத் தெரியாது. பழையபடி கூட்டிக் கொடுங்க. இப்பவே, என் முன்னால."

"எதுக்கு?"

"ஒண்ணு காட்டணும். இந்தச் சுருதியில அது கேக்காது."

மாசிலாமணி குனிந்தார். சிறிது சிறிதாகப் பகிர்ந்து வைத்ததையெல்லாம் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் திரும்ப வாங்கினார். வாங்கியதையெல்லாம் அந்த மூலையிலேயே கொண்டுபோய்க் கொட்டினார். தம் கையாலேயே கொட்டினார். முடிந்தபோது கருவியின் மற்ற பகுதியெல்லாம் தெளிந்த நீர்போல் நின்றது. அவர் அதைத் தொட்டுப் பார்க்க விரும்பவில்லை.

அம்மையார் எழுந்து போய், செல் அரித்த மூல ஏட்டைத் துணியோடு எடுத்து வந்து, கடைசிப் பகுதியில் ஓர் ஏட்டைப் பிரித்து வைத்தார். தம்மை அனுப்பியவரை நோக்கி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஆண்டவர் கதறும் இடம் அது.

"இதுல என்ன இருக்கு, வாசிங்க."

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குரலுக்குக் கீழே இரண்டு சுரங்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் அவர் விரல்களே அவற்றை அறிந்துகொண்டன.

"இது... அந்த மூலை."

"ஆமாம்."

"நம்ம தாள்ல இங்க குரல் மட்டும்தானே? கருவி இல்லையே?"

"நம்ம தாள் நான் இதைப் பார்த்து எழுதினது. இங்க வந்ததும் முதல் வேலையா இந்த ரெண்டு சுரத்தைத்தான் அடிச்சு நீக்கினேன்."

"ஏன்?"

"எனக்குப் பயம்."

அவர் ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தார்.

"கைத்தவறா எழுதியிருப்பாரோ?"

"இருநூறு ஏட்டுல ஒரு தடவைகூட அந்த மனுஷன் அந்தப் பக்கம் போகல. எத்தனையோ எடத்துல சுத்திச் சுத்தி ஒதுங்கிப் போயிருக்காரு. இங்க நேரா நடந்து போயிருக்காரு. ஒன்பது வருஷமா நான் அவரைப் போகவிடல."

வாசலில் தேநீர்க் குவளைகளோடு நின்றவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பொன்னுத்துரை யாரிடமோ, "நான் தெரியாமச் சொல்லிட்டேம்ப்பா, என் வாயில மண்ணு விழ," என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை இந்த எடம் வரும்போது நான் எழுந்துக்கிறேன்," என்றார் அம்மையார். "நீங்க உக்காந்து இதை வாசிக்கணும்."

"நானா? என்னால முடியாது."

"என்னாலயும் முடியல."

"ஜனங்க காதைப் பொத்திக்கிட்டு எழுந்து போவாங்க டீச்சர்."

"போகலாம்."

"இதை வாசிச்சா என் கேள்விக்குப் பதில் கிடைக்குமா?"

"அப்படி நான் சொல்லவே இல்லையே ஐயா."

அவர் வீட்டுக்குப் போனார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் முழுவதும் மனைவியோடு பேசவில்லை. மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தபோது, அவன் குரல் நன்றாக இருப்பதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததற்காக உடனே வெட்கமும் வந்தது. தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோனார்.

பெரிய வெள்ளியன்று நண்பகலில் ஆலயம் நிரம்பியிருந்தது. வெயிலில் ஓட்டுக்கூரை சுடர்ந்தது. மீன்பிடித்துறைக்காரர்கள், ஆசிரியர்கள், வெளியூரில் வேலையாயிருந்து அந்த ஒருநாளுக்காக வந்தவர்கள் என எல்லாரும் வெள்ளை உடுத்தி அமர்ந்திருந்தார்கள். வியர்வையில் குடல்நரம்புகள் இளகி, வயலின்காரர்கள் ஒவ்வொரு பாடலுக்கும் பிறகு முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி விடியலிலேயே வந்து சுருதி கூட்டிவிட்டு, சுவரோரம் அதே இடத்தில் நின்றார். உட்காரச் சொன்னவர்களுக்குத் தலையசைத்து மறுத்தார்.

காட்டிக்கொடுத்தவன் பாடிப் போனான். மறுதலித்தவன் பாடி அழுதான். சேவகர் நகைத்தார்கள். பாடல்கள் கூடுமிடங்களில் தேன் சொரிந்தது. ஒவ்வொரு முறையும் அது மாசிலாமணியின் நெஞ்சில் முள்ளாய் இறங்கியது. நவமணி பாட வேண்டிய பாட்டு வந்தபோது யாரும் பாடவில்லை. பொன்னுத்துரை மட்டும் தம் வயலாவில் அந்த மெட்டைச் சொல்லின்றி வாசித்தார். கண்ணை மூடியே வாசித்தார். ஓரிடத்தில் தவறினார், தவறியதைத் திருத்தாமல் மேலே போனார்.

அந்த ஏடு வந்தது.

லீதியாள் அம்மையார் எழுந்து ஒதுங்கி நின்றார். இருக்கை காலியாயிருந்தது. மாசிலாமணி சுவரை விட்டு அகன்றார். எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. உட்கார்ந்தபோது முழங்கால் கருவியின் அடிப்பலகையில் இடித்தது.

ஆண்டவரின் பாகத்தைப் பாடும் தபால்காரர் மூச்சை இழுத்துக் கதறினார். மாசிலாமணி இரண்டு விரல்களையும் அழுத்தினார்.

ஓநாய் ஊளையிட்டது.

ஆலயமே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த விசிறி நின்றது. ஒரு குழந்தை வீறிட்டு அழத் தொடங்கித் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாற்பத்துமூன்று நாளாக அந்த ஒலி மாசிலாமணியின் விலாவுக்குள் கிடந்தது. மருத்துவமனை வராந்தாவில் தொடங்கியது. உண்ணும்போதும் கிடந்தது, செபத்தில் மண்டியிட்டபோதும் கிடந்தது. பிறர் காதில் அது விழுவதை அவர் முதன்முறையாகக் கண்டார். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் அதற்கு மறுமொழி சொல்லவும் இல்லை.

ஹார்ப்சிகார்டின் ஒலி நெடுநேரம் நிற்காது. ஊளை மெலிந்தது, முனகலாயிற்று, கம்பியின் நடுக்கமாயிற்று, அதுவும் நின்றது. அவர் விரல்களை எடுக்கவில்லை.

வழக்கமாக அந்த இடத்தில் அம்மையார் நான்கு எண்ணிக் கையைத் தூக்குவார். குழு எழுந்து ஆறுதல் கீதத்தைப் பாடும். பாடகர்கள் மூச்சை நிரப்பிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார்கள்.

நான்கு ஆயிற்று. கை எழவில்லை. எட்டு ஆயிற்று. பதினாறும் ஆயிற்று. நிரப்பிய மூச்சைப் பாடகர்கள் ஓசைப்படாமல் விட்டார்கள். வெளியே கடல் ஒருமுறை வந்து மோதிப் போயிற்று. யாரோ செருமினார்கள். மறுபடி கடல் வந்தது.

மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய, மெல்லக் கேட்டார்.

"டீச்சர், இன்னும் எவ்வளவு நேரம்?"

அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாலு எண்ணினது நான் ஐயா. எழுதினவர் இந்த மௌனத்துக்கு அளவு போடல."